இரண்டு கதவுள்ள அறை

காலை வெயில் நடைவழிச் சுவரில் சாய்ந்து விழுகிறது. கால்பந்து கிளப்பின் அகாடமி தொடங்கிய நாளிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக மாட்டிய குழுப் படங்கள் அங்கே வரிசையாகத் தொங்குகின்றன. பெரிய அணிக்குப் போனவர்களின் தலைக்கு மேல் மட்டும் ஒரு பொன்னிற நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. ஒன்பதாவது படத்தில், இன்று மகனோடு வந்திருக்கும் அவரும் பதினாறு வயது முகத்தோடு நிற்கிறார். தலைக்கு மேல் வெறும் வானம். இப்போது அதே படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், மகனின் பூட்ஸ் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மகன் எதிர் அறைக்குள், தலைமைப் பயிற்சியாளரின் முன்னால். அந்த அறைக்கு இரண்டு கதவு. பெரிய அணிக்கு எடுத்துக்கொண்ட பையனைப் பின்கதவு வழியாக நேரே மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவன்தான் இந்த நடைவழிக் கதவைத் திறந்துகொண்டு பெற்றவர்களிடம் வருவான். அந்தக் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். அவர் இந்தக் கதவு வழியாகத்தான் வந்தார். பக்கத்திலிருக்கும் மனைவிக்கு இது தெரியாது. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஏங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? நம்ம பையனைப் போய் வேணாம்னு சொல்லுவாங்களா?"

"கொஞ்சம் சும்மா இரேன்."

"கதவு திறக்கட்டும், ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறானா இல்லையா பாருங்க."

மைதானத்தில் விசில் ஒலிக்கிறது. உள்ளே நாற்காலி பின்னால் நகரும் சத்தம். அப்புறம் காலடி. அது எந்தப் பக்கம் போகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். எதிரே பித்தளைக் கைப்பிடி மெல்லக் கீழே இறங்குகிறது. மனைவி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நிற்கிறாள்.