பதினாறு மணி நேரம்

“பதிமூணாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்ம்மா. விமானம் நடுவுல எங்கயும் நிக்காது. பதினாறு மணி நேரம் ஒரே இடத்துல உட்காரணும். உன் முழங்கால் தாங்காது” என்றான் மகன்.

“உன் தங்கச்சி அங்க ஒத்தையாளா பிள்ளை பெத்துக்கப் போறா. நான் போயே தீருவேன்.”

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பினாள்.

“வாய்ப்பேச்சு எதுக்கு அத்தை? நாளைக்கு அந்த மர நாற்காலியில பதினாறு மணி நேரம் உட்கார்ந்து காட்டுங்க. முடியலைன்னா டிக்கெட் பேச்சையே எடுக்கக் கூடாது.”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. இவள் இப்படிப் பேசுகிறவள் இல்லையே.

“காலையில அஞ்சு மணிக்கு உட்காருறேன். ராத்திரி ஒன்பதுக்கு எழுந்திருக்கிறேன். பாத்ரூமுக்கு மட்டும் போவேன். அது விமானத்துலயும் உண்டு.”

மறுநாள் சொன்னபடியே உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குச் சின்னப் பேரன் ஒற்றைக் காலுறையோடு வீடு முழுக்க ஓடினான். அம்மா எழப்போனாள்.

“பெல்ட் போட்டிருக்கு அத்தை” என்றாள் மருமகள். “உங்க மகன் தேடுவார்.”

மகன் தேடினான். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதையும் அவனே துடைத்தான். மதியம் பள்ளிக்கூடத்துக்கும் அவனே போனான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு வந்தான்.

சாயங்காலம் மருமகள் ஆபீசிலிருந்து வந்தபோது, அம்மாவின் முழங்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

“முடியலைன்னா எறங்கிக்குங்க அத்தை. கீழ கடல்தான் இருக்கும்.”

“நீ சமையலைப் பாரும்மா” என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மகனும் மருமகளும் பார்த்துக்கொள்ள, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் சண்டையும் சமாதானமுமாக நடந்து முடிந்தன.

ஒன்பது அடித்தது. அம்மா எழுந்தாள். நிமிர்ந்து வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை.

“இப்பச் சொல்லுடா.”

மகன் தலையைச் சொறிந்தான்.

“அதெல்லாம் சரிம்மா... நீ மூணு மாசம் அங்க போயிட்டா, இங்க பசங்களை யாரு பார்த்துக்கிறது?”

முழங்கால் பேச்சையே காணோம்.

மருமகள் நாற்காலியை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினாள்.

“இன்னைக்கு யாருங்க பார்த்துக்கிட்டது? நீங்களும் நானும்தானே? பரீட்சை அத்தைக்குன்னா நினைச்சீங்க?”