உப்புக்கு ஒரு வெட்டு

முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. மீன் குழம்பில் உப்பு இல்லை.

பூபாலன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரிடம் சொன்னான்: "இந்த ஊட்ல உப்புக்கும் பஞ்சம் வந்துட்சி."

அடுப்படியிலிருந்து கமலம் பூனையிடம் பதில் சொன்னாள்: "நாக்கு நீளம் உனுக்கு. துன்னா துன்னு, இல்லாங்காட்டி எழுந்து போய்கினே இரு."

புருசனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். சென்னீர்குப்பத்தில் அந்தத் தெருவுக்கே இது தெரியும்.

அவள் தம்பி சம்பந்தத்தின் மகனுக்குக் காது குத்திய அன்று ஆரம்பித்தது. பிள்ளையின் மழலையைப் பிடித்து வைக்கிறேன் என்று டேப்பின் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். உள்ளே கிடந்தது பூபாலன் உயிராக வைத்திருந்த கேசட். பாட்டு அழிந்து, அரை மணி நேரம் ஒரு பிள்ளையின் அழுகை ஏறிப்போனது.

அன்றிலிருந்து டேப்பை அவள் தொடக் கூடாது. தொட்டாலும் பாடாது. வேலைக்குப் போகும்போது கரண்டு ஒயரைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். வீட்டில் இருக்கிற ஒரே பட்டன் போனும் அவன் சட்டைப் பையில்.

பேச வேண்டியதை எல்லாம் அவன் பாட்டில் பேசினான்.

நூற்று நாற்பது கேசட். எல்லாம் கடைக்காரனிடம் வாயால் சொல்லிப் பதிந்து வாங்கியவை. எழுத்து தெரியாதவன் பாடகர், படம் என்று எப்படி அடுக்குவான்? சண்டை வாரியாக அடுக்கினான். மூட்டை தூக்குகிற கிடங்கில் அட்டைப்பெட்டி கிழிக்கிற பிளேடால் கேசட் டப்பா ஓரத்தில் வெட்டுப் போட்டு வைத்தான்.

சோறு சரியில்லாத நாளுக்கு ஒரு வெட்டு. பெண்ணை நம்பிக் கெட்டவன் புலம்புகிற பாட்டுகள். சம்பந்தம் வந்து உட்கார்ந்தால் இரண்டு வெட்டு. ஓசிச் சோற்றை நக்கலடிக்கிறவை. அவள் அழுதால் மூன்று வெட்டு, குத்துப் பாட்டு.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல் கட்டிக் கொடுக்கிற அளவுக்குத் திமிர் ஏறினால் பெருக்கல் குறி. அதைப் போட்டால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வேப்பம்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ரயில் ஏறிவிடுவாள். பத்து நாள் வரமாட்டாள். ஜெயித்தவன் பத்து நாளும் டீக்கடைப் பன்னைத் தின்பான்.

எந்தப் பாட்டு ஓடினாலும் அடுப்படியில் ஒரு கரண்டிகூடச் சத்தம் போடாது. அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

இன்றைக்கும் கை தானாகப் போய் ஒரு வெட்டை எடுத்தது. பையிலிருந்து ஒயரை எடுத்துச் செருகினான். டப்பாவைத் திறந்தான்.

உள்தாளில் நீல மையில் எழுத்து. எத்தனையோ தடவை பார்த்ததுதான். கடைக்காரன் எழுதிக் கொடுத்த பாட்டு வரிசை என்று இருந்துவிட்டான்.

ஆனால் இப்போது அவனுக்கு எழுத்து தெரியும். ஐம்பத்து மூன்று வயதில், கமலத்துக்குத் தெரியாமல், பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. பூந்தமல்லிக்கு முதல் எழுத்துதான் தன் பேருக்கும் முதல் எழுத்து என்று கூட மூட்டை தூக்குகிறவன் காட்டிய நாளில் பிடித்தது. ஊரில் உள்ள போர்டை எல்லாம் படித்தவன், வீட்டுக்குள் எதையும் படித்ததில்லை.

விரலை எழுத்துக்குக் கீழே வைத்தான். உதடு அசைந்தது.

'உப்பு போடக் கூடாது. புல்லாங்குழல் பாட்டு வரும்.'

கடைக்காரன் எழுதுகிற எழுத்தாக இல்லை. இன்னொரு முறை எழுத்துக் கூட்டினான். அதேதான் வந்தது.

இரண்டு வெட்டில் ஒன்றை உருவினான். 'தம்பியை வரச் சொல்லணும். தபேலா நல்லா இருக்கும்.'

மூன்று வெட்டு. 'அழணும். கடைசிப் பாட்டு வரைக்கும் நிறுத்தக் கூடாது.'

பெருக்கல் குறியைத் திறந்தான். 'அம்மாவைப் பாக்கணும்னா டப்பா கழுவாதே.'

அடுப்படியில் சத்தமே இல்லை. அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள்.

பதினோரு வருடம். மூட்டை தூக்கித் தேய்ந்த தோளோடு வீட்டுக்கு வந்து, அவள் கேட்ட பாட்டை எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஒயரைப் பிடுங்கினான். சுருட்டிப் பையில் திணித்தான். தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

பிறகு கமலம் வந்து நிலைப்படியில் நின்றாள். சுவரையோ பூனையையோ பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கரண்டு கீதே. இன்னா, பாட்டு போடலியா?"

தோற்றுவிட்டாள்.

அவன் எழுந்து அவளைத் தாண்டிப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தான். ஒரு கை அள்ளித் தட்டில் போட்டான். அவள் பார்க்கப் பார்க்கப் பிசைந்து, பெரிய கவளமாக உருட்டி வாயில் வைத்தான்.

நாக்கு எரிந்தது.

துப்பவில்லை. விழுங்கினான். அடுத்த கவளத்தை உருட்டினான். அவள் நகராமல் நின்று அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பு கூடிப்போனால் போடுவதற்கு அவனிடம் கேசட் இல்லை.