தலையில் ஒட்டிய பஞ்சு

வேலம்பாளையத்தில் ஆறு மணிச் சங்கு ஊதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மயிலாள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“மத்தியானம் ஒம் புருசனை ஊத்துக்குளியில பாத்தேன் மயிலா. கூட ஒரு பொம்பள.”

மயிலாள் சிரித்தாள்.

“அது வேற ஆராச்சும் இருக்குமுங்கக்கா. பனியன் கம்பெனிக்குப் போறவங்க தலையில பஞ்சு ஒட்டியிருக்கும். அவரு தலையில தெனமும் இருக்குதுங்க. அப்பறம் கம்பெனிக்குப் போகாம எங்க போவாரு?”

“நல்லா நம்பு புள்ள.”

மயிலாளின் கணவன் கன்னையன் உள்ளே வந்தான். தலையில் பஞ்சு இருந்தது.

“இப்பப் பாருங்கக்கா” என்று மயிலாள் அதை எடுத்து நீட்டினாள். பஞ்சுக்குள் கறுப்பாக ஒரு விதை இருந்தது. அது தலையணையில் அடைக்கிற இலவம்பஞ்சு.

அவள் கன்னையன் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, நம்மூட்டுல தலகாணியே இல்லீங்களே. இது ஆரூட்டுத் தலகாணிங்க?”