மூணு பேர் சோபா

சோபா மெத்தையின் ஜிப் பாதிதான் திறந்தது.

மீதியை அவள் பிளேடால் பிரித்தாள். சந்தன நிற உறை கையோடு வந்தது. உள்ளே வெள்ளை நுரை மெத்தை.

தரையில் ரப்பர் ஷீட்டை விரித்திருந்தாள். பச்சைக் குழந்தைக்கு அடியில் போடுகிற அதே ஷீட்தான். மெடிக்கல் கடையில் மூன்று மெத்தைக்கும் சேர்த்து வாங்கி வந்தாள்.

ஒன்றுக்குப் போட்டால் போதாதா என்று கணவன் கேட்டான்.

போதாது.

அவன் அப்படிப் போட்டதில்தான் எல்லாம் கெட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு மாமாவால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. தும்மினால் கசியும். சிரித்தாலும் கசியும். சோபா வீணாகிவிடும் என்று கணவன் ஒரு ஷீட்டை வாங்கி வந்து, அப்பா உட்காரும் இடத்தில் மட்டும் விரித்தான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

பஸ் டிப்போவில் மாமாவோடு வேலை பார்த்த தேவசகாயம் வந்தபோது அதைத் தடவிப் பார்த்தார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.



அதோடு மாமா சோபா பக்கமே வருவதில்லை. பாத்ரூம் கதவோரம் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டார். யார் வந்தாலும் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். தேவசகாயம் வந்து வந்து திரும்பிப் போனார்.

மாமா மறுபடியும் ஹாலில் உட்கார வேண்டும். நாலு பேரோடு பேச வேண்டும்.

அவளுக்கு அவ்வளவுதான்.

நுரையைச் சுற்றி ரப்பரை இழுத்துத் தைத்தாள். கனமான ஷீட். ஊசி லேசில் இறங்கவில்லை. விரல் நுனி புண்ணானது. துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தாள்.

மேலே உறையை மாட்டினாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூன்று மெத்தையும் ஒரே மாதிரி இருந்தன.

"மூணுக்கும் போட்டாச்சு மாமா. யாருக்கும் தெரியாது."



சாயங்காலம் மாமா வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். மறுநாள் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் வந்தார். "உயிரோடதான் இருக்கியா? தூங்கியே போய்ச் சேந்துட்டேன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

பழைய கதைகள் ஆரம்பித்தன. பஸ்ஸில் ஏறிய ஆட்டுக்கு டிக்கெட் கேட்டு மாட்டிக்கொண்ட கண்டக்டர் கதை வந்தது. அடுப்படியில் அவளுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

திடீரென்று ஒருவர் சிரிப்பு மட்டும் கேட்டது.

எட்டிப் பார்த்தாள்.

தேவசகாயத்துக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். அவர் முதுகு திரும்பியதும் மாமா எழுந்தார். வேட்டியைச் சுருட்டிப் பிடித்தபடி உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தன நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரத் திட்டு.

நுரை நனைந்திருக்காது. ரப்பர் விடாது. கீழே இறங்க வழியில்லாத ஈரம் துணியிலேயே நின்று பரவிக்கொண்டிருந்தது. இதை அவள் யோசிக்கவில்லை.

"சரிம்மா, வச்சிடுறேன்" என்ற குரல் பால்கனியிலிருந்து வந்தது.

துணி எடுக்க நேரமில்லை.

அவள் உட்கார்ந்தாள்.

ஈரம் சேலையைத் தாண்டி உறைத்தது. சேலையை இரண்டு பக்கமும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

தேவசகாயம் வந்து அந்தக் கோடியில் உட்கார்ந்தார். அவன் எங்கே என்று கேட்டார். மாமா இப்போது வந்துவிடுவார்கள் என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழியும் வாடை வந்தது. தேவசகாயம் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

மாமா வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. செருமல் கேட்டாலே எழுந்துவிடுவாள். ஊருக்கே தெரியும்.

இன்று எழவில்லை.

"என்னப்பா, மருமக எந்திரிக்கக்கூட மாட்டேங்குது" என்றார் தேவசகாயம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாமா நின்றார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

"அது ஏன் எந்திரிக்கணும்?" என்றார்.

உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அந்த ஆட்டுக் கதைய முதல்லருந்து சொல்லு. இது கேக்கட்டும்."