ஞாயிற்றுக்கிழமை நாற்காலி

"உங்க பல்கலைக்கழக நூலக வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்லை. எதுக்கும்மா நன்கொடை கொடுக்கணும்?" என்று கையை விரித்தார் டைல்ஸ் கடை முதலாளி.

நூலகர் அம்மாளுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த பாட்டு. அஞ்சல்வழியில் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் இதையேதான் பாடினார்கள். அதில் நியாயமும் இருந்ததே, அதுதான் கொடுமை!

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன். அஞ்சல்வழி மாணவர்களை இதுவரைக்கும் உள்ளே விட்டதில்லை. இனிமே அவங்களுக்குன்னே ஒரு வாசிப்பறை கட்டப்போறோம். இந்த வாரத்துக்குள்ள ஒருத்தராவது கை கொடுக்கலைன்னா, திட்டத்தையே மூட்டை கட்டிடுவாங்க."

"என் பட்டம் சுவத்துல தொங்குது. எனக்கு அது போதும்."

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து டீயோடு வந்தாள் அவர் மனைவி.

"நூலகத்துலேருந்தா வர்றீங்க? அட, இவருக்கு அது சொந்த வீடாச்சே! மூணு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு அங்கேதானே போய்ப் படிச்சார்!"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று நூலகரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். அன்றும் ஞாயிறு. அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டு எட்டிப் பார்த்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தால் விடுவாளா நூலகர் அம்மாள்?

"சாரை மறக்க முடியுமா? ஜன்னலோர நாற்காலி! பாவம், சார் உக்காந்து உக்காந்தே அதோட கால் உடைஞ்சுபோச்சு."

"நாற்காலி என்னம்மா நாற்காலி! அறை முழுக்க என் செலவு! தரைக்கு டைல்ஸும் நம்ம கடைதான்!" என்று அலறாத குறையாகச் சொல்லி, காசோலையில் கையெழுத்துப் போட்டார் முதலாளி.

வழியனுப்ப வாசல்வரை வந்தவளை நிமிர்ந்து பார்க்கவே நூலகருக்குக் கூச்சமாக இருந்தது. இந்த வெள்ளந்தி மனுஷியை ஏமாற்றிவிட்டோமே!

"வாசிப்பறையை எப்பம்மா திறப்பீங்க?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"சீக்கிரமே. ஏன் கேக்கறீங்க?"

"அவர் அந்தப் பக்கம் கிளம்பினதும் நானும் அஞ்சல்வழியிலதான் படிச்சேன், அவருக்குத் தெரியாம. முதல் வருஷம் பாஸானதும் அவரை அசத்தலாம்னு, ஒரு ஞாயித்துக்கிழமை உங்க நூலகத்துக்கே தேடிக்கிட்டு வந்தேன். அஞ்சல்வழி ஆளுங்க ஒருத்தரையும் உள்ளே விடறதில்லைன்னு வாசல்லயே மறிச்சுட்டாங்க. அன்னிலேருந்து இவரை மாட்டிவிட ஒரு நல்ல ஆளுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்!"