பதினெட்டாவது தடவை

மனநிலை சரியில்லாத முகிலன் காய்கறிக் கத்தியோடு தெருவில் நின்றபோது போலீஸ் சுட்டுக் கொன்றது. மறு ஆண்டு, காவலர் பயிற்சிப் பள்ளியின் அறையொன்றில் சுடாமல் பேசிச் சமாளிக்கப் பழக்குவதற்காக அவனைக் கணினி உருவமாக, அதே முகத்தோடும் குரலோடும் நடமாடவைக்க, அவன் அம்மா தில்லைநாயகி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இன்னொருத்தி பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, பயிற்சி நிறைவு விழாவுக்கு அவளை அழைத்திருந்தார்கள். ஜெனிஃபர் என்ற புதுக் காவலர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முகிலன் அண்ணனைப் பேசியே உக்கார வச்சுட்டேம்மா. கத்தியை அவரே கீழ போட்டுட்டாரு."

தில்லைநாயகிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "மொதத் தடவையேவா கண்ணு?"

அந்தப் பெண் தலைகுனிந்தாள். "இல்லம்மா. பதினேழு தடவை பயத்துல சுட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் 'அம்மா'ன்னு கத்துனாரு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கை நின்னுச்சு."

மைதானத்தில் அவளைப் போல முந்நூறு பேர் அணிவகுத்து நின்றார்கள்.

தில்லைநாயகி நேராகப் பள்ளி முதல்வரிடம் போனாள். "போதும்யா. எம்புள்ளைய விட்டுடுங்க."

"நீங்க சொன்னா இன்னிக்கே நிறுத்திடறோம்மா," என்றார் அவர். "ஆனா அவன் வந்த இந்த மூணு வருஷத்துல, எங்ககிட்ட படிச்சவங்க யாரும் ஒரு உயிரைக்கூட எடுக்கல."

அவள் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த ஆளுங்க எப்ப வராங்க?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழமை."

திங்கட்கிழமை காலை அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் தில்லைநாயகி உட்கார்ந்திருந்தாள். உள்ளே முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டது; கூடவே 'அம்மா' என்ற குரலும். அவள் எழுந்து போகவில்லை.