மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

“‘ஓரளவு’ன்னா என்னண்ணே அர்த்தம்? அரைகுறைன்னுதான—”

“அரைகுறைன்னு நான் எழுதினேனா? பரவாயில்லாம செய்யறான், ஆனா பிரமாதமா ஒண்ணும்—”

“பிரமாதம்னு யார் கேட்டா? ‘திறம்பட’ன்னு எழுதுங்க, போதும்.”

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் அண்ணனும் தங்கையும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் இருவருக்கும் பொது. கையெழுத்து மட்டும் அண்ணனுடையது.

அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்ததும் ஆளைப் பற்றி ஒரு தாளில் எழுத வேண்டும். ‘திறம்பட’ என்றிருந்தால் வேலை நிரந்தரம், வேறு எது இருந்தாலும் அந்த மாதத்தோடு சரி. லிஃப்ட் மெக்கானிக்கின் தாளில், ‘ஓரளவு திறமையாக வேலை செய்கிறார்’ என்று அண்ணன் எழுதி வைத்திருந்தார்.

“பாப்பா, போன மாசம் மட்டும் இது மூணு தடவை நின்னுச்சு. இன்னிக்கு நம்மளையே உள்ள வச்சு நிக்குது. இதுவா திறம்பட?”

“மோட்டாரை மாத்துங்கன்னு அவன் ஆறு மாசமா கரடியா கத்தறான். நீங்கதான் பாத்துக்கலாம்னீங்க. இருபது வருஷமா கார் ஓட்டறீங்களே, அண்ணியைக் கேட்டா ‘ஓரளவு’ன்னுகூட சொல்ல மாட்டாங்க.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது. தினமும் படியேறிப் போகிறவள், இன்றைக்கென்று பார்த்து ‘பேசிக்கிட்டே போலாம் வாங்க’ என்று இதற்குள் இழுத்து வந்தாளே என்று எரிச்சலாக வந்தது.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு சாண் கீழே இறங்கியது. அவர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கயிறு தாங்குமா?”

“ஓரளவு தாங்கும்.”

“விளையாடாத. அவனுக்கு நம்மளை பத்திரமா இறக்கத் தெரியுமா, தெரியாதா?”

“உங்க கையாலதான எழுதியிருக்கீங்க. படிச்சுப் பாருங்க.”

விளக்கு அணைந்து எரிந்தது. அவருக்கு மூச்சு முட்டியது. அவள் கையிலிருந்த தாளையும் பேனாவையும் பிடுங்கி, ‘ஓரளவு திறமையாக’வை அழுத்தி அடித்தார். மேலே கோணல்மாணலாகத் ‘திறம்பட’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, தாளை அவளிடம் திணித்தார்.

“போதுமா? இப்ப கூப்பிடு அவனை.”

தங்கை தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கூரைக்கு மேலிருந்து, மிக அருகில், மெக்கானிக்கின் குரல் கேட்டது.

“அண்ணன் எழுதிட்டாராக்கா? இறக்கிடட்டுமா?”